மரக்கூழில் பிறந்த ஜிகினா: செல்லுலோஸ் நானோபடிகப் படலம், ஒரு மதிப்பீடு

சாயமோ உலோகப் பூச்சோ பிளாஸ்டிக்கோ சேராமல், மரக்கூழ் ஒன்றிலிருந்தே மயில்கழுத்து நிறத்தை வரவழைக்கலாம் என்று சொல்லி விற்கப்படும் ஒரு பொருளைப் பற்றியது இந்த மதிப்பீடு. செல்லுலோஸ் நானோபடிகம் என்பது அதன் பெயர். விற்பவர்களும் ஆய்வகத்தாரும் சி.என்.சி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் ஓடும் சி.என்.சி. கடைசல் இயந்திரத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இணையத்தில் தேடுகிறவர்கள் முதலில் இந்தக் குழப்பத்தைக் கடந்தாக வேண்டும். ஆரி வேலைப்பாட்டுக்கும் நாட்டிய உடைகளுக்கும் சம்கியும் ஜிகினாவும் வாங்கிப் பழகியவன் என்ற முறையில்தான் இதை வாங்கிப் பார்த்தேன். ஆகவே ஆய்வுக் கட்டுரையில் இது எப்படி ஒளிர்கிறது என்பதைவிட, கையில் எடுத்தால், துணியில் வைத்தால், ஈரக் காற்றில் விட்டால் எப்படி நடந்துகொள்கிறது என்பதே என் கவலை.

நாம் கடையில் வாங்கும் ஜிகினாத் தூள் பெரும்பாலும் பாலியெஸ்டர் படலத்தின்மேல் மெல்லிய அலுமினியப் படிவும் நிறப்பூச்சும் ஏற்றி, அறுகோணத் துண்டுகளாக நறுக்கியது. அது மக்குவதில்லை, கழுவினால் சாக்கடைக்குப் போகிறது, அங்கிருந்து ஆற்றுக்குப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் நுண்பிளாஸ்டிக் குறித்து இயற்றிய ஒழுங்குமுறையின்கீழ், 2023 அக்டோபர் 17 முதல் பிளாஸ்டிக்கால் ஆன உதிரி ஜிகினாவை அங்கே விற்க முடியாது. அதே ஒழுங்குமுறை உதட்டுச்சாயம், நகப்பூச்சு, முக ஒப்பனைப் பொருள்கள் ஆகியவற்றுக்கு 2035 வரை அவகாசம் தந்திருக்கிறது. தாவர ஜிகினா என்ற பெயரில் வரும் சரக்குகளுக்குக் கிராக்கி கூடியதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஆனால் அந்த ஒரே பெயருக்குள் முற்றிலும் வேறான இரண்டு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை வாங்குகிறவர் அறிந்திருக்க வேண்டும். ஒன்றில், பாலியெஸ்டருக்குப் பதிலாக மரத்திலிருந்து எடுத்த செல்லுலோஸ் படலம் அடித்தளமாக இருக்கிறது. மினுமினுப்பைத் தருவது பழையபடி அலுமினியமும் அதன் மேற்பூச்சும்தான். மற்றதில் நிறமே செல்லுலோஸின் அடுக்குமுறையிலிருந்து பிறக்கிறது. இரண்டாவதுதான் சி.என்.சி.

இயற்கையில் இந்த வித்தையை முன்பே செய்து வைத்திருக்கும் செடி ஒன்று ஆப்பிரிக்கக் காடுகளில் இருக்கிறது. பொல்லியா கண்டன்சாட்டா என்னும் அச்செடி, நம் வரப்போரங்களில் தானே முளைக்கும் கானாவாழையின் குடும்பத்தைச் சேர்ந்தது. கானாவாழைப் பூவின் நீலம் நிறமியால் வருவது. பறித்துக் கொஞ்ச நேரம் வைத்தால் வாடிப்போகும். பொல்லியாவின் சிறு பழத்திலோ நீல நிறமி கிடையாது. தோலின் செல்சுவர்களில் செல்லுலோஸ் இழைகள் அடுக்கப்பட்டிருக்கும் விதமே அதன் உலோகப் பளபளப்புடைய நீலத்துக்குக் காரணம் என்பதை சில்வியா விக்னோலினியும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும், லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்தவர்களும் 2012-இல் வெளியிட்டார்கள். கானாவில் 1974-இல் சேகரிக்கப்பட்ட மாதிரியும் அப்போது நிறம் மங்காமல் இருந்தது. நிறமி சிதைந்துதான் வெளுப்பு வருகிறது. சிதைய நிறமியே இல்லாத இடத்தில் வெளுப்பதற்கு எதுவும் இல்லை. பட்டுச் சேலையின் சாயம் வெயிலில் போவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய எனக்கு, இந்தப் பொருளின்மேல் முதல் ஆசை வந்தது இதனால்தான்.

நிறம் பிறக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்லாமல், பின்னால் வரும் குறைகளையும் நிறைகளையும் விளங்க வைக்க முடியாது. மரக்கூழையோ பருத்தியையோ அடர் கந்தக அமிலத்தில் பதமாக வேகவைத்தால், செல்லுலோஸ் இழைகளின் ஒழுங்கற்ற பகுதிகள் கரைந்துபோய், 100 முதல் 200 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை நீளமும் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அகலமும் கொண்ட ஊசிப் படிகங்கள் எஞ்சுகின்றன. அமிலம் அவற்றின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டத்தை விட்டுச் செல்வதால் அவை தண்ணீரில் ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. மாண்ட்ரியாலில் 1992-இல் ரெவோல், டெரிக் கிரே முதலிய ஆய்வாளர்கள் கண்டது என்னவென்றால், இந்தக் கூழ்மத்தின் செறிவு ஓரளவுக்கு மேல் போனதும் ஊசிகள் தாமாகவே அடுக்கடுக்காக அணிவகுக்கின்றன. ஒவ்வோர் அடுக்கும் கீழடுக்கிலிருந்து சற்றே திரும்பி நிற்கிறது. ஓலைச்சுவடியின் ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறு கோணம் திருப்பித் திருப்பி அடுக்கியதைப்போல, இடப்பக்கமாகச் சுழன்றேறும் ஒரு சுருள் உருவாகிறது. தண்ணீர் முழுவதும் ஆவியான பின்னும் அந்தச் சுருள் படலத்துக்குள் உறைந்து நிற்கிறது. சுருள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும் உயரமே, அதாவது புரியிடைத் தூரமே, நிறத்தைத் தீர்மானிக்கிறது. நேராகப் பார்க்கும்போது, செல்லுலோஸின் ஒளிவிலகல் எண்ணாகிய சுமார் 1.55-ஐப் புரியிடைத் தூரத்தால் பெருக்கினால், திரும்பி வரும் ஒளியின் அலைநீளம் கிடைக்கும். 290 நானோமீட்டர் என்றால் நீலம், 350 என்றால் பச்சை, 410 என்றால் சிவப்பு. மூன்று நிறத்துக்கும் பொருள் ஒன்றுதான், இடைவெளி மட்டுமே வேறு.

இனி சரக்குக்கு வருவோம். சி.என்.சி. வணிக அளவில் கிடைக்கத் தொடங்கி பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்து வின்ட்சர் நகரில் செல்லுஃபோர்ஸ் நிறுவனம் நாளொன்றுக்கு ஒரு டன் உற்பத்தித் திறனுடன் 2012-இல் ஆலையைத் தொடங்கியது. அமெரிக்க வனத்துறையின் மேடிசன் ஆய்வகத்தில் உருவாகும் சரக்கை மெய்ன் பல்கலைக்கழகம் விற்றுவருகிறது. பொதுவாக இது வெண்மையான உலர்தூளாகவோ, தண்ணீரில் கலந்த நீர்த்த கூழ்மமாகவோ வருகிறது. நான் பயன்படுத்தியது இடைத்தரகர் ஒருவரிடம் வாங்கிய கூழ்மப் புட்டி. கண்ணுக்கு அது நீர்மோர் போலத்தான் தெரியும். ஜிகினாவுக்கான அறிகுறி ஒன்றும் இருக்காது. புட்டியைச் சாய்த்தால் மெல்ல வழியும், குலுக்கினால் உள்ளே பட்டிழை ஓடுவதுபோன்ற கோடுகள் தோன்றி மறையும். இரண்டு போலராய்டுத் தகடுகளுக்கு இடையே பிடித்தால் அந்தக் கோடுகள் பளிச்சென்று தெரியும். அது நல்ல சரக்கு என்பதற்கு முதல் அடையாளம்.

படலம் வார்ப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. பெட்ரி தட்டு எனப்படும் தட்டையான ஆய்வகக் கிண்ணத்தில் மெல்லிய அளவு ஊற்றி, அதிராத இடத்தில், காற்று வேகமாகப் படாமல் மூடி, ஆவியாக விட்டுவிட வேண்டும். இங்கே கடலோர ஊர்களின் ஈரக்காற்று தொல்லையாக இருப்பதற்குப் பதிலாக உதவியாகவே இருக்கிறது. மெதுவாகக் காய்ந்தால்தான் ஊசிகள் அணிவகுக்க நேரம் கிடைக்கும்; மின்விசிறியின் கீழே வைத்து அவசரமாகக் காயவைத்த தட்டில் கலங்கலான, நிறம் கெட்ட படலமே மிஞ்சும். நன்றாகக் காய்ந்த படலத்தில் முதலில் கண்ணைக் கவர்வது அதன் ஓரம். காபித் துளி காய்ந்தால் விளிம்பில் கறை தடித்து நிற்குமே, அதே காரணத்தால் இங்கேயும் பொருள் ஓரத்துக்கு இழுக்கப்பட்டு, நடுவில் ஒரு நிறமும் விளிம்பில் வளைய வளையமாக வேறு நிறங்களும் விழுகின்றன. கைப்பேசியில் நுண்ணோக்கி வில்லையைப் பொருத்திப் பார்த்தால், சீரான நிறம் என்று நினைத்த பகுதியும் சிறுசிறு பொட்டுகளாகப் பிரிந்து தெரியும். ஒவ்வொரு பொட்டும் தன்னளவில் ஒரு சுருள் கூட்டம், அதன் சாய்வு கொஞ்சம் வேறு. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரே நிறத்தில் நூறு சம்கி வேண்டும் என்று கேட்கும் தையற்காரருக்கு இந்த அழகால் பயனில்லை.

நிறத்தை மாற்ற வழிகள் உண்டு. சிட்டிகையளவுக்கும் குறைவாகச் சமையல் உப்பைக் கரைத்துச் சேர்த்தால் சுருள் இறுகி நிறம் நீலத்தை நோக்கிச் செல்கிறது. மீயொலிக் கருவியில் கூழ்மத்தை அதிரவைத்தால் சுருள் நெகிழ்ந்து சிவப்பை நோக்கிச் செல்கிறது. நகைக்கடைகளில் மோதிரம் கழுவப் பயன்படும் சிறு மீயொலித் தொட்டி இதற்குப் போதாது. நேரடியாகக் கூழ்மத்துக்குள் இறங்கும் கோல் கருவி வேண்டும். அது எல்லோரிடமும் இருக்காது. ஆகவே புட்டி வாங்கும்போதே, ஒன்றும் சேர்க்காமல் வார்த்தால் என்ன நிறம் வரும் என்று விற்பவர் சொல்லியிருக்க வேண்டும். என் புட்டியில் அந்தக் குறிப்பு இல்லாதது பெரிய குறை.

இப்போது இந்தப் பொருளின் மிகச் சிறந்த குணத்துக்கு வருகிறேன். இது நிறத்தைத் திருப்பி அனுப்புவதோடு நிற்பதில்லை, ஒளியைப் பிரித்தும் அனுப்புகிறது. சாதாரண வெளிச்சத்தை இடஞ்சுழியாகவும் வலஞ்சுழியாகவும் சுழலும் இரு பாதிகளின் கலவையாகக் கருதலாம். இடச் சுருளாகிய சி.என்.சி. படலம் தன் நிறத்துக்குரிய அலைநீளத்தில் இடஞ்சுழிப் பாதியை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. வலஞ்சுழிப் பாதி ஒன்றும் நேராததுபோல் ஊடுருவிச் சென்றுவிடுகிறது. பாடநூல்கள் இதை வட்டத் தளவிளைவு என்கின்றன. வெறுங்கண்ணுக்கு இது புலப்படாது. ஆனால் முப்பரிமாணத் திரைப்படத்துக்குத் திரையரங்கில் தரும் கண்ணாடி பல இடங்களில் இந்த வேலையைத்தான் செய்கிறது: ஒரு கண்ணுக்கு இடஞ்சுழி ஒளியையும் மற்றக் கண்ணுக்கு வலஞ்சுழி ஒளியையும் மட்டும் அனுமதிக்கிறது.

கண்ணாடி அந்த வகைதானா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. அதை அணிந்துகொண்டு நிலைக்கண்ணாடியின் முன் நின்று ஒரு கண்ணை மூடுங்கள். திறந்திருக்கும் கண்ணின் முன்னுள்ள வில்லை பிம்பத்தில் கருப்பாகத் தெரிந்தால் அது வட்டத் தளவிளைவுக் கண்ணாடி. சாதாரண ஆடி பட்டுத் திரும்பும்போது ஒளியின் சுழி மாறிவிடுவதால் அவ்வாறு நிகழ்கிறது. சிவப்பு நீலத் தாள் ஒட்டிய பழைய கண்ணாடி இதற்கு ஆகாது. இனி அதே கண்ணாடியை அணிந்த வாக்கிலேயே வைத்துக்கொண்டு, சி.என்.சி. படலத்தை ஒரு கண்ணால் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணால் பாருங்கள். ஒரு கண்ணுக்குப் பச்சை கொழுந்துவிட்டு எரியும். மற்றக் கண்ணுக்கு அதே இடம் அணைந்து, மேற்பரப்பின் வெள்ளைப் பளபளப்பு மட்டும் மிஞ்சும். கண்களை மாற்றி மாற்றி மூடித் திறந்தால் நிறம் மின்னி மின்னி அணையும். கண்ணாடியைக் கழற்றி முன்பின்னாகத் திருப்பிப் பிடித்தால் இந்த வேடிக்கை நின்றுவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருப்பிப் பிடித்துவிட்டுச் சரக்கு போலி என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். இதையொத்த விளைவை வண்டுகளின் பொன்னிறச் சிறகுறையில் இயற்பியலாளர் ஆல்பர்ட் மைக்கல்சன் 1911-இலேயே பதிவு செய்திருக்கிறார். அங்கே சுருளாக அடுக்கப்பட்டிருப்பது, பூச்சிகளின் மேலோட்டை ஆக்கும் கைட்டின் என்னும் பொருள்.

இந்தச் சோதனை வெறும் வேடிக்கைக்கானது அன்று. தாவர ஜிகினா என்று அச்சிட்ட பொட்டலங்களை இதே கண்ணாடியால் பார்த்தேன். அலுமினியம் ஏற்றிய செல்லுலோஸ் ஜிகினா இரு கண்களுக்கும் ஒரே மாதிரிதான் மின்னுகிறது; காக்காப்பொன்னின் (மைக்கா) மேல் டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய முத்துநிறத் தூளும் அப்படியே. அதாவது அடித்தளம் தாவரமாக இருக்கலாம், ஒளிர்வது தாவரம் அன்று. இதைப் பொட்டலத்தில் எவரும் எழுதுவதில்லை. ஒரு எச்சரிக்கை: செயற்கைத் திரவப் படிகங்களிலிருந்து செய்யப்படும் விலையுயர்ந்த நிறத்துகள்களும் சுருள் அமைப்புடையவைதாம், அவையும் ஒரு கண்ணுக்கு மின்னி மறுகண்ணுக்கு அணையும். எனவே இரு கண்ணுக்கும் சமமாக மின்னினால் அது சுருள் செல்லுலோஸ் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஒரு கண்ணுக்கு மட்டும் மின்னினால் சுருள் இருக்கிறது என்று சொல்லலாம், அது மரத்திலிருந்து வந்தது என்பதற்கு வேறு சான்று கேட்க வேண்டும்.

ஒளியைத் தளவிளைவுக்கு உட்படுத்தும் தாவரப் பொருள் என்று விளம்பரம் செய்வதைப் பார்த்துவிட்டு, கருப்புக் கண்ணாடிக்கும் கைப்பேசித் திரைக்கும் இது மாற்று என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்கு இது பொருந்தாது. இதன் பிரித்தல் வேலை தன் நிறத்தைச் சுற்றிய குறுகிய பட்டையில் மட்டுமே நடக்கிறது. பச்சைப் படலம் சிவப்பு ஒளியைத் தொடுவதே இல்லை. திரையின் தளவிளைவுத் தகட்டுக்கு எல்லா நிறங்களும் வேண்டும். அந்த வேலையை அயோடின் ஏற்றிய பாலிவினைல் ஆல்கஹால் படலம் செய்கிறது. அதன் இருபுறமும் பாதுகாப்புக்காகப் பெரும்பாலும் ஒட்டப்பட்டிருப்பது செல்லுலோஸ் ட்ரைஅசிட்டேட், அதுவும் மரக்கூழிலிருந்தோ பருத்தி விதையில் ஒட்டிய குறும்பஞ்சிலிருந்தோ வருவதுதான். நம் கையிலுள்ள பல திரைகளில் செடி ஏற்கெனவே குடியேறிவிட்டது, யாரும் அதை விளம்பரப்படுத்தவில்லை.

பாதி ஒளி ஊடுருவிச் சென்றுவிடுகிறது என்று மேலே சொன்னதில் ஒரு பெரிய நடைமுறைச் சிக்கல் அடங்கியிருக்கிறது. ஊடுருவிய ஒளி கீழே வெள்ளைத் துணியில் பட்டால் அப்படியே சிதறித் திரும்பி வந்து நிறத்தைக் கரைத்துவிடும். வெள்ளைத் தாளின்மேல் வைத்த படலம் எண்ணெய் பட்ட காகிதம் அளவுக்கே தெரிகிறது. அதையே கருப்புத் துணியின்மேல் நகர்த்தியதும் நிறம் துள்ளி எழுகிறது. கருப்பு, கருநீலம், அரக்கு, அடர்பச்சை ஆகிய பட்டுகளில் இது கம்பீரமாக இருக்கும். சந்தன நிறத்திலும் வெள்ளையிலும் செய்த உழைப்பு வீண். கோணம் மாறினால் நிறமும் மாறுகிறது: நேராகப் பார்க்கச் சிவப்பாக இருப்பது சாய்க்கச் சாய்க்கப் பச்சையை நோக்கிப் போகும். நடன உடைக்கு இது குறையன்று, வரம். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே குங்குமச் சிவப்பு வேண்டும் என்பவருக்கு நிறமிதான் சரி.

சி.என்.சி. படலத்தை ஆரி ஊசியால் குத்தினால் உடைகிறது. அலுமினியத் தாளைப்போல் மடங்குவதும் இல்லை, பிளாஸ்டிக் சம்கியைப்போல் வளைவதும் இல்லை. ஊசி பட்ட இடத்திலிருந்து விரிசல் ஓடி, கண்ணாடிச் சில்லுபோல் கூரான முனைகளோடு பிளந்துவிடுகிறது. சிறிது கிளிசரின் சேர்த்து வார்த்தால் படலம் நெகிழ்கிறது, ஆனால் அப்போது நிறம் சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடும், ஈரத்துக்கும் கூடுதலாக அசையும். அப்படி வார்த்த படலத்தின்மேல் வாயால் ஊதினால் மூச்சின் ஈரத்தை உறிஞ்சிச் சுருள் வீங்கி, பச்சை மஞ்சளுக்கும் செம்மைக்கும் போய், சற்று நேரத்தில் காய்ந்து பழைய நிறத்துக்கே திரும்புகிறது. ஈரமானி செய்கிறவர்களுக்கு இது தங்கச் சுரங்கம். மேடையில் வியர்க்க வியர்க்க ஆடுகிறவருக்கு அல்ல. சோடிய வடிவில் (ஊசிகளின் எதிர்மின்னூட்டத்துக்கு ஈடாகச் சோடிய அயனி நிற்பது; ஹைட்ரஜன் அயனி நின்றால் அமில வடிவு) வரும் சாதாரணக் கூழ்மத்திலிருந்து வார்த்த படலத்தில் ஒரு துளி தண்ணீரை விட்டால், அந்த வட்டம் கொழகொழத்து நிறமிழந்து மீண்டும் கூழாகிவிடுகிறது. துவைக்க முடியாத அலங்காரம் என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

இந்தக் குறைகளையெல்லாம் ஆய்வாளர்கள் அறியாதவர்கள் அல்லர். விக்னோலினியின் கேம்பிரிட்ஜ் குழுவினர், பெஞ்சமின் துரோகே முதல் ஆசிரியராக, 2021 நவம்பரில் வெளியிட்ட ஆய்வில், பெட்ரி தட்டை விட்டுவிட்டு, நகரும் நீளப் படச்சுருளின்மேல் கூழ்மத்தைப் பரப்பி உலர்த்தி, மீட்டர் கணக்கில் சீரான படலம் எடுத்துக் காட்டினார்கள். அதை 180 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கித் தண்ணீருக்குக் கரையாதபடி ஆக்கி, அரைத்துச் சல்லடையில் சலித்து, எண்ணெயிலும் சோப்பு நீரிலும் நிறம் இழக்காத ஜிகினாத் துகள்களாக மாற்றினார்கள். காக்காப்பொன்னும் டைட்டானியம் டை ஆக்சைடும் கலந்த முத்துநிறத் தூளுக்கு 800 பாகை வரை சூடு வேண்டியிருப்பதோடு ஒப்பிட்டால், எரிபொருள் செலவில் இது பெரிய சேமிப்பு. அக்குழுவிலிருந்து கிளைத்த ஸ்பார்க்செல் நிறுவனம் இந்த முறையை வணிகத்துக்குக் கொண்டுவரும் முயற்சியில் இருக்கிறது. சம்கிக்கும் தனி வரலாறு உண்டு: லண்டனில் படித்த வடிவமைப்பாளர் எலிசா புருனாட்டோ, சுவீடனின் ரைஸ் ஆய்வு நிறுவனத்து அறிவியலாளர்களோடு சேர்ந்து மரச் செல்லுலோஸிலிருந்து சம்கி செய்தார், அவருடைய ரேடியன்ட் மேட்டர் நிறுவனத்தின் சம்கியால் ஆடை வடிவமைப்பாளர் ஸ்டெல்லா மெக்கார்ட்னி தயாரித்த உடை 2023-இல் வெளிவந்தது. ஆகவே ஊசியில் உடையாத படலம் செய்ய முடியாது என்பதில்லை. அந்தப் பக்குவம் புட்டியோடு நம் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

சூழல் நன்மையைப் பற்றியும் வெறும் நம்பிக்கையின்மேல் பேச வேண்டியதில்லை. இங்கிலாந்தின் ஆங்லியா ரஸ்கின் பல்கலைக்கழகத்தில் டேனியல் கிரீன் தலைமையில் நன்னீர்த் தொட்டிகளில் பலவகை ஜிகினாக்களை 36 நாள் விட்டு வைத்துப் பார்த்தபோது, பிளாஸ்டிக் என்றும் மக்கும் வகை என்றும் பேதமில்லாமல் நீர்ப்பாசியின் அளவும் வாத்துப்பாசியின் வேர் நீளமும் குறைந்தன. மக்கும் செல்லுலோஸ் ஜிகினா இட்ட தொட்டிகளில் அயல்நாட்டு நத்தை ஒன்று பெருகவும் செய்தது. அங்கே சோதித்த மக்கும் வகை, மேலே நான் முதலாவதாகச் சொன்ன அலுமினிய வகை என்பதைக் கவனிக்க வேண்டும். சி.என்.சி. ஜிகினாவை மெல்பர்ன் பல்கலைக்கழகத்தாரும் கேம்பிரிட்ஜ் குழுவினரும் மண்ணில் வாழும் துள்ளுவால் பூச்சிகளிடம் சோதித்து 2025-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு கிலோ மண்ணுக்கு 1000 மில்லிகிராம் வீதம் கலந்தபோது பிளாஸ்டிக் ஜிகினா அவற்றின் இனப்பெருக்கத்தை 61 விழுக்காடு குறைத்தது. செல்லுலோஸ் ஜிகினாவால் அப்படிப்பட்ட பாதிப்பு இல்லை. உற்பத்தி முறையைக் கண்டுபிடித்தவர்களும் ஆய்வில் பங்கேற்றிருக்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டாலும், திசை நல்ல திசைதான். சூழல் நன்மையில் எனக்குள்ள தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது: ஊசிப் படிகங்களைப் பிரிக்க அடர் கந்தக அமிலமும், பிறகு அதைக் கழுவ ஏராளமான தண்ணீரும் தேவைப்படுகின்றன. அமிலத்தை மீட்டுப் பயன்படுத்தும் ஆலையின் சரக்கும், மீட்காத ஆலையின் சரக்கும் புட்டியில் ஒன்றுபோலவே இருக்கும்.

குறைந்த செலவில் இந்த ஒளி வித்தையை மட்டும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஹைட்ராக்சிபுரொப்பைல் செல்லுலோஸ் என்னும் வெள்ளைத் தூளைப் பரிந்துரைக்கிறேன். மாத்திரைகளைப் பிணைக்கவும் உணவுப் பொருள்களில் ஈ463 என்ற எண்ணோடும் சேர்க்கப்படுவது இது. எடையில் மூன்றில் இரண்டு பங்கு தூளும் ஒரு பங்கு தண்ணீருமாகப் பிசைந்து, காற்றுக் குமிழிகள் வெளியேறும்வரை மூடி வைத்து, இரு கண்ணாடிச் சில்லுகளுக்கு இடையே இட்டால் தேன்பதத்துக் களிம்பு நிறம் காட்டத் தொடங்கும். விரலால் அழுத்தினால் அந்த இடம் மட்டும் நீலத்துக்கு ஓடும், விட்டால் திரும்பி வரும். இதன் சுருள் வலப்பக்கமானது. ஆகவே முப்பரிமாணக் கண்ணாடியில் சி.என்.சி. எந்தக் கண்ணுக்கு அணைந்ததோ அந்தக் கண்ணுக்கு இது மின்னுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடியைத் திருப்பித் தரமாட்டார்கள். விளிம்பை அடைக்காவிட்டால் தண்ணீர் ஆவியாகி நிறம் நீலத்தைத் தாண்டி மறைந்துவிடும் என்பதால் அலங்காரத்துக்கு இது உதவாது.

சம்கிக்கும் ஜிகினாவுக்கும் பதிலாக இன்றைக்கு இந்தப் புட்டியை வாங்கச் சொல்ல மாட்டேன். கிராம் கணக்கில் இதன் விலை ஆய்வகத்து விலை, பிளாஸ்டிக் ஜிகினாவோடு போட்டியிட அது இன்னும் வெகுதூரம் இறங்க வேண்டும். ஆனால் இதை அலங்காரமாகவே பார்ப்பது, என் கருத்தில், இதன் அரிய பாதியை வீணாக்குவது. ஒரு கண்ணுக்குத் தெரிந்து மறுகண்ணுக்கு மறையும் நிறத்தைச் சாயத்தாலோ சாதாரண அச்சாலோ போலி செய்ய முடியாது. மின்னணு இல்லாமல், மலிவான கண்ணாடி ஒன்றால் கடைக்காரரே சோதிக்கலாம். பட்டுச் சேலையின் விலைச்சீட்டில், மருந்துப் பெட்டியின் முத்திரையில், கருப்பு அட்டைக்குமேல் இரு தாள்களுக்கு நடுவே ஒட்டினால், உடையும் தன்மையும் ஈரத்துக்கு அஞ்சும் தன்மையும் பெரிதாகக் குறுக்கே வருவதில்லை. பிரித்து மறுபடி ஒட்ட முயன்றால் நொறுங்கும் என்பது முத்திரைக்கு நல்ல குணமாகவே ஆகிவிடும். நான் அடுத்த புட்டியை அதற்காகத்தான் வாங்கவிருக்கிறேன், அப்போது விற்பவரிடம் கேட்க வேண்டியவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன்: சோடிய வடிவா அமில வடிவா, செறிவு எவ்வளவு, ஒன்றும் சேர்க்காமல் வார்த்தால் எந்த நிறம், கெடாமலிருக்க ஏதேனும் மருந்து கலந்திருக்கிறதா, பயன்படுத்திய அமிலத்தை ஆலை என்ன செய்கிறது. உலர்தூளாக வாங்குகிறவர்கள், அது தண்ணீரில் முழுமையாகப் பிரிந்து கலையும் வகைதானா என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம். அமில வடிவில் முற்றாகக் காய்ந்த தூள் கலையாது, அதைக் கொண்டு படலம் வார்க்க முடியாது.